மென்டர் என்னும் சொல்லும் வழித்துணை என்னும் பொருளும்

ஆட்பெயர் பொதுச்சொல்லாக மாறுவது எல்லா மொழிகளிலும் காணப்படும் ஒன்று. அள்ளிக் கொடுப்பவரைக் கர்ணன் என்கிறோம். உடனிருந்து கெடுப்பவரைச் சகுனி என்கிறோம். முகத்துக்கு நேரே குற்றம் காட்டுபவரை நக்கீரர் என்கிறோம். இப்பெயர்களைச் சொன்ன அளவிலேயே அவற்றின் பின்னுள்ள கதையும் கேட்பவர் நெஞ்சில் வந்து நிற்கிறது. அதனால்தான் அச்சொற்கள் இன்றும் பொருள் குன்றாமல் வழங்குகின்றன. கதை மறந்து சொல் மட்டும் எஞ்சுமானால் என்ன நேரும்? சொல் தன் எடையை இழக்கும். யார் கையிலும் எளிதாகப் புழங்கும். இறுதியில் ஒரு பதவியின் பெயராகச் சுருங்கிவிடும்.

ஆங்கிலத்தின் 'மென்டர்' என்னும் சொல்லுக்கு இந்நிலை நேர்ந்துள்ளது. இளையோர்க்கு வழிகாட்டும் மூத்தோரைக் குறிக்கும் இச்சொல் இன்று கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் தொழில் நிறுவனங்களிலும் நாள்தோறும் ஒலிக்கிறது. நாமும் அதை அப்படியே எடுத்துத் தமிழ் எழுத்தில் எழுதிவிடுகிறோம். அச்சொல் எங்கிருந்து வந்தது, யார் வாயிலாக வந்தது, வழியில் எவற்றைத் தொலைத்தது என்பவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தின் மலரில் இவ்வாராய்ச்சிக்கு இடமுண்டு என்றே கருதுகிறேன். மூத்த கவிஞரும் இளங்கவிஞரும் ஒரே பாயில் அமரும் இடமே இலக்கிய வட்டம். அங்கு வழிகாட்டுதல் என்பது அன்றாடத் தொழில். அதன் பொருளைத் தெளிந்துகொள்வது நம் கடமையும் ஆகும்.

ஹோமரின் மெந்தோர்

சொல்லின் மூலம் ஹோமரின் ஒடிசி. கிரேக்கத்தில் இப்பெயர் 'மெந்தோர்' என ஒலிக்கும். ட்ராய் நகரப் போருக்குப் புறப்பட்ட ஒடிசியஸ், இதாகா தீவில் தன் இல்லத்தையும் உடைமையையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத் தன் நண்பராகிய மெந்தோரிடம் விட்டுச் செல்கிறான். போர் பத்தாண்டு, வீடு திரும்பும் அலைச்சல் மேலும் பத்தாண்டு. இதற்கிடையில் அவன் மனைவி பெனலோப்பியை மணக்க விரும்பிய கூட்டத்தார் அரண்மனையில் புகுந்து உண்டும் குடித்தும் செல்வத்தை அழிக்கின்றனர். மகன் டெலிமாக்கஸ் செய்வதறியாது நிற்கிறான்.

மெந்தோரின் பொறுப்பில் விடப்பட்ட வீடு இந்நிலைக்கு வந்துவிட்டது என்பது முதலில் நோக்கத்தக்கது. காப்பியத்தின் இரண்டாம் காண்டத்தில் ஊரவை கூடுகிறது. மெந்தோர் எழுந்து பேசுகிறார். அவர் சினம் அக்கூட்டத்தாரினும் ஊர்மக்கள் மீதே மிகுதியாகப் பாய்கிறது. எண்ணிக்கையில் பலராக இருந்தும் சிலருடைய அநீதியைக் கண்டு வாய்மூடி இருக்கிறார்களே என இடித்துரைக்கிறார். எதிர்த்தரப்பினன் ஒருவன் அவரை இகழ்ந்து பேச, அவை கலைந்துவிடுகிறது. மனிதராகிய மெந்தோர் காப்பியத்தில் செய்யும் குறிப்பிடத்தக்க செயல் இந்த ஒன்றே. அதுவும் தோல்வியில் முடிகிறது.

அவ்வாறாயின் அவர் பெயர் எவ்வாறு வழிகாட்டிக்குரிய பெயராயிற்று?

பெயர் அவருடையது, செயல் மற்றொருத்தியுடையது

அவை கலைந்தபின் டெலிமாக்கஸ் கடற்கரையில் நின்று அதீனா தேவியை வேண்டுகிறான். அறிவுக்கும் போர்த்திறனுக்கும் உரிய அத்தேவி மெந்தோரின் உருவிலும் குரலிலும் அவன்முன் தோன்றுகிறாள். அவனுக்கு ஊக்கமூட்டுகிறாள், ஊரில் திரிந்து கப்பலையும் துணைவரையும் திரட்டித் தருகிறாள், பைலோஸ் நகர் நோக்கி அவனுடன் தானும் கப்பலேறுகிறாள். உண்மை மெந்தோர் இதாகாவை விட்டு நகரவேயில்லை. கப்பலைக் கொடுத்தவன் நான்காம் காண்டத்தில் குழம்புகிறான். மெந்தோர் கப்பலேறியதைப் பார்த்தவன் அவன். அதே மெந்தோரை நேற்று ஊரில் கண்டதாகவும் அவனே சொல்கிறான். ஹோமர் இந்தக் குழப்பத்தை வேண்டுமென்றே காட்டியிருக்கிறார் எனலாம்.

ஆக, வழிகாட்டியவள் பெண். வெளியே தெரிந்தது ஆணின் உருவம். வரலாற்றில் நிலைத்தது அந்த ஆணின் பெயர். பெண்களின் உழைப்பு பிறர் பெயரில் பதிவாகும் வழக்கத்தை அறிந்தோர்க்கு இதில் வியப்பு இராது. எனினும் இச்சொல்லைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் இதனை நினைவுகொள்வது நேர்மையாகும்.

பைலோஸில் கப்பல் கரை சேர்ந்ததும் நிகழ்வது கவிஞர்கள் கருத வேண்டிய காட்சி. முதுபெரும் மன்னன் நெஸ்டரை அணுகிப் பேச டெலிமாக்கஸ் தயங்குகிறான். தேர்ந்த சொற்கள் தனக்கு வாரா என்றும், மூத்தோரை வினவ இளையவனுக்கு நாணம் வருகிறது என்றும் கூறுகிறான். மெந்தோர் உருவிலிருந்த தேவி அவன் நாணத்தை நீக்கி, பேச வேண்டியவற்றுள் சில உன் நெஞ்சில் தோன்றும், எஞ்சியவற்றைத் தெய்வம் தரும் என்னும் பொருள்பட ஊக்குகிறாள். அவனுக்காக அவள் பேசவில்லை. பேசவேண்டிய சொற்களை எழுதியும் கொடுக்கவில்லை. அவனைப் பேச வைக்கிறாள். அவன் பேசி முடித்து, நெஸ்டரின் நட்பும் கிட்டியபின் கடற்கழுகின் உருக்கொண்டு பறந்து மறைகிறாள். அங்கிருந்து ஸ்பார்ட்டா வரை அவனுடன் செல்பவன் நெஸ்டரின் மகன். ஏறத்தாழ அவன் வயதினன்.

இருபத்திரண்டாம் காண்டத்தில் இறுதிப் போர். அங்கும் மெந்தோரின் உருவில் அதீனா வந்து நிற்கிறாள். எதிரிகளுள் ஒருவன், ஒடிசியஸுக்குத் துணை நின்றால் உன் தலையும் உருளும், உன் உடைமையும் பறிபோகும் என மெந்தோரை அச்சுறுத்துகிறான். துணை நிற்பவர் இடரையும் ஏற்க வேண்டும் என்பது இங்குத் தெளிவாகிறது. காப்பியம் முடியும் இடத்தில் இரு தரப்பாரிடையே அமைதியை நிலைநாட்டுபவளும் அதே உருவிலும் குரலிலும் வந்த அதீனாவே.

ஃபெனலோனின் மறுபடைப்பு

ஹோமரிடம் பெயர் இருந்தது; பொதுச்சொல் பிறக்கவில்லை. ஒடிசியை ஜார்ஜ் சாப்மன் ஆங்கிலத்தில் முழுமையாக மொழிபெயர்த்தது 1615ஆம் ஆண்டளவில். அதன்பின் நூறாண்டுக்கு மேலாகியும் 'மென்டர்' ஆங்கிலத்தில் வழிகாட்டியைக் குறிக்கும் சொல்லாகவில்லை. அதற்கு இடையில் ஒரு பிரெஞ்சு நூல் தேவைப்பட்டது.

பதினான்காம் லூயி மன்னனின் பேரனாகிய பர்கண்டி கோமகனுக்கு 1689இல் ஆசிரியராக அமர்த்தப்பட்டவர் ஃபெனலோன் என்னும் பாதிரியார். மாணவனுக்கு அப்போது வயது ஏழு. அதற்கு ஈராண்டு முன், 1687இல், பெண்கல்வி பற்றி நூல் எழுதி வெளியிட்டிருந்தவர் அவர். அந்நூல் பெண்ணை இல்லறத்துக்கு ஆயத்தம் செய்யும் எல்லைக்குள் நின்றதாயினும், பெண்ணின் அறிவை வளர்ப்பது குடும்பத்துக்கும் நாட்டுக்கும் கடமை என்று அக்காலத்தில் வாதிட்டது.

வருங்கால அரசனாகக் கூடிய சிறுவனுக்கு அரசியல் அறம் புகட்ட அவர் ஒரு கதை புனைந்தார். 'டெலிமாக்கஸின் வீரச்செலவுகள்' என அதன் பெயரைத் தமிழாக்கலாம். தந்தையைத் தேடிச் செல்லும் டெலிமாக்கஸுடன் மென்டர் உடன்செல்கிறார். அவர் உருவில் இருப்பவள் மினர்வா. அதீனாவின் உரோமப் பெயர் அது. சலென்தும் என்னும் நாட்டில் இடோமெனியஸ் மன்னன் பகட்டான கட்டடங்களிலும் போரிலும் செல்வத்தைக் கரைக்கிறான். மென்டர் போரை நிறுத்தி, ஆடம்பரத்தைக் களைந்து, உழவை முதன்மையாக்கி அந்நாட்டைத் திருத்துகிறார். மற்றோரிடத்தில் பாதாள உலகில் கொடுங்கோலர் படும் துன்பத்தை டெலிமாக்கஸ் நேரில் காண்கிறான்.

வெர்சாய் அரண்மனையையும் ஓயாத போர்களையும் கண்ட பிரெஞ்சு மக்களுக்கு இடோமெனியஸ் யார் என்பதை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சமயக் கருத்து வேறுபாட்டால் ஃபெனலோன் ஏற்கெனவே மன்னனின் வெறுப்புக்கு ஆளாகி, 1697இல் காம்ப்ரே மறைமாவட்டத்தை விட்டு வெளியேறக் கூடாதெனக் கட்டளையிடப்பட்டிருந்தார். 1699இல் அவர் இசைவின்றியே இந்நூல் அச்சேறியது. பாரிசில் அது தடுக்கப்பட, எல்லைக்கு அப்பால் ஹாலந்தில் அச்சாகி ஐரோப்பா எங்கும் பரவியது. அரசவைக்குத் திரும்பும் வாய்ப்பு அவருக்கு அதன்பின் கிட்டவேயில்லை. மன்னனின் போர்களாலும் வரிகளாலும் குடிமக்கள் படும் பசியைச் சுட்டி, பெயரிடாத மடல் ஒன்றையும் அவர் முன்னரே எழுதியிருந்தார். அது மன்னன் கையை எட்டியதா என்பதில் ஆய்வாளர் ஐயுறுவர். திருக்குறளில் 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரம் இடித்துரைப்பாரின் இன்றியமையாமையைப் பேசுகிறது. அத்தகையவரைப் பேணத் தவறிய மன்னனுக்கு ஃபெனலோனின் வாழ்வு ஓர் ஐரோப்பியச் சான்று.

அவருடைய மாணவன் 1711இல் பட்டத்து இளவரசனாகி, மறு ஆண்டே அம்மை நோயால் இறந்தான். ஃபெனலோன் 1715 சனவரியில் மறைந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் லூயியும் மறைந்தான். எந்த மாணவனுக்காக நூல் எழுதப்பட்டதோ அவன் அரசாளவில்லை. நூலோ நிலைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் துருக்கியில் யூசுப் காமில் பாஷாவும், அரபியில் எகிப்தின் ரிஃபாஆ அல் தஹ்தாவியும் அதனை மொழிபெயர்த்தனர். தஹ்தாவி அதனை மொழிபெயர்த்தது, ஆட்சியாளரின் உவப்பை இழந்து சூடானின் கார்ட்டூம் நகருக்கு அனுப்பப்பட்டிருந்த காலத்தில். ஒதுக்கப்பட்ட ஆசிரியர் ஒருவரின் நூலை ஒதுக்கப்பட்ட மற்றோர் ஆசிரியர் தம் மொழிக்குக் கொணர்ந்தார்.

பாறையிலிருந்து குதித்தவர்

ஃபெனலோனின் கதையில் ஒரு நிகழ்ச்சி தனித்துச் சுட்டத்தக்கது. கலிப்சோவின் தீவில் டெலிமாக்கஸ் யூகாரிஸ் என்னும் நங்கைமீது காதல்வயப்பட்டு, தன் கடமையையே மறக்கிறான். அங்கிருந்து நீங்க மென்டர் கட்டிய கப்பலும் எரிக்கப்படுகிறது. அவன் அதனால் உள்ளூர மகிழ்கிறான். அப்போது தொலைவில் வேறொரு கப்பல் நிற்பதைக் கண்ட மென்டர், பாறையின் விளிம்பில் நின்ற அவனைக் கடலில் தள்ளிவிட்டுத் தாமும் உடன் குதிக்கிறார். இருவரும் நீந்திக் கப்பலை அடைகின்றனர்.

தள்ளிவிடுவது எளிது. கரையில் நின்றுகொண்டு, நீந்து, உனக்கு நீச்சல் வரும் என்று கூவுவது அதனினும் எளிது. உடன் குதிப்பதே அரிது. 'மென்டர்' என்னும் சொல்லின் உயிர் அந்த ஒரு பாய்ச்சலில் இருக்கிறது என்பது என் துணிபு.

நூலின் முடிவும் கருதத்தக்கது. மினர்வா தன் உண்மை உருவைக் காட்டி, இறுதி அறிவுரை கூறி மறைகிறாள். அதன் பின்னரே டெலிமாக்கஸ் இதாகா சென்று தந்தையைக் காண்கிறான். தந்தையும் மகனும் சேரும் நேரத்தில் புகழில் பங்கு கேட்க வழிகாட்டி அங்கு இல்லை.

ஹோமரிடமும் ஃபெனலோனிடமும் கண்டவற்றைத் தொகுத்தால் மென்டருக்கு மூன்று இலக்கணம் கிடைக்கின்றன. ஒன்று, தேவைப்படும் வேளையில் வருதல். இரண்டு, இடரில் பங்கேற்றல். மூன்று, வேலை முடிந்ததும் விலகுதல்.

ஆங்கிலத்தில் புகுந்தபோது

ஃபெனலோனின் நூல் ஆங்கிலத்தில் உடனடியாக மொழிபெயர்க்கப்பட்டு, பதினெட்டாம் நூற்றாண்டு முழுதும் இளையோர் கையில் தவழ்ந்தது. பொதுச்சொல்லாக 'மென்டர்' ஆளப்பட்டமைக்கு அகராதியியலார் காட்டும் மிகப் பழைய எடுத்துக்காட்டு, செஸ்டர்ஃபீல்ட் பிரபு தம் மகனுக்கு 1750இல் எழுதிய மடல். மகன் அயல்நாட்டுச் செலவில் இருந்த காலம் அது. வழிகாட்டியின் அன்பான துணை நீங்கும் காலத்தில் நீயே உறுதி பூண்டு நடக்க வேண்டும் என்று அறிவுறுத்தும் இடத்தில் இச்சொல் வருகிறது. சொல்லின் முதற் பதிவிலேயே வழிகாட்டி விலகும் நாள் நினைக்கப்பட்டிருப்பது மகிழ்வளிக்கிறது.

இதே செஸ்டர்ஃபீல்ட் மற்றொரு நிகழ்ச்சியாலும் இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றவர். சாமுவேல் ஜான்சன் தாம் தொகுக்கவிருந்த ஆங்கில அகராதியின் திட்டத்தை 1747இல் அவருக்கே உரிமையாக்கி வெளியிட்டார். பிரபுவிடமிருந்து குறிப்பிடத்தக்க உதவி ஏதும் வரவில்லை. ஜான்சன் ஆண்டுக்கணக்கில் வறுமையோடு போராடி வேலையை முடித்தார். அகராதி வெளிவரும் தறுவாயில், 1754இன் இறுதியில், பிரபு இதழொன்றில் அதனைப் புகழ்ந்து இரு கட்டுரைகள் எழுதினார். 1755 பிப்ரவரியில் ஜான்சன் அவருக்கு எழுதிய மடல் ஆங்கில உரைநடையில் பெயர்பெற்றது. வேண்டியபோது வராத உதவி, வேண்டாத காலத்தில் வந்து சுமையாகிறது என்பது அதன் சாரம். 'மென்டர்' என்னும் சொல்லை முதன்முதலில் வழங்கியதாக அறியப்படும் மனிதர், தம் காலத்துப் பேரறிஞர் ஒருவருக்கு மென்டராக இருக்கும் வாய்ப்பை நழுவவிட்டு, காலங்கடந்த புரவலராக வந்து நின்றார்.

அந்த இரு கட்டுரைகளை இன்றைய நம் வழக்கில் அணிந்துரை எனலாம். இக்கருத்துக்கு இறுதியில் மீண்டும் வருவேன்.

உறவுச் சொற்கள்

மெந்தோர் என்னும் பெயரின் வேர், 'எண்ணுதல்' என்னும் பொருளுடைய இந்தோ ஐரோப்பிய அடிச்சொல் எனச் சொற்பிறப்பியலார் கருதுவர். வடமொழியின் மந்திரம், மந்திரி ஆகியவையும், இலத்தீனின் 'மானிட்டர்' என்பதும் அவ்வேரினின்று கிளைத்தவை. ஆகவே நாம் வடமொழியினின்று பெற்று நெடுங்காலமாக வழங்கும் மந்திரி என்னும் சொல்லும், பள்ளி வகுப்புத் தலைவனைச் சுட்டும் மானிட்டரும், இன்று புதிதாக வந்திறங்கிய மென்டரும் ஒரு தாய் மக்கள்.

இவற்றுள் மானிட்டருக்குச் சென்னையோடு உண்மையான தொடர்பு உண்டு. 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆண் அனாதைச் சிறுவர் இல்லப் பள்ளியை நடத்தியவர் ஆண்ட்ரூ பெல். இங்குள்ள நாட்டுப் பள்ளிச் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பயில்வதை அவர் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்த முனைந்தபோது ஆசிரியர்கள் ஒத்துழையாமையால், முன்னேறிய மாணவரைக் கொண்டே ஏனைய மாணவர்க்குக் கற்பித்தார். திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்த பணியை நாம் அறிவோம். பெல் 1797இல் இலண்டனில் வெளியிட்ட நூலால் இம்முறை 'மெட்ராஸ் முறை' எனப் பெயர் பெற்றது. ஜோசப் லங்காஸ்டர் தம் பள்ளிகளில் இத்தகைய மாணவரை மானிட்டர் என அழைத்தார். பெல் விட்டுச்சென்ற பொருளால் ஸ்காட்லாந்தில் எழுந்த பள்ளி இன்றும் 'மெட்ராஸ் கல்லூரி' என்றே வழங்குகிறது.

இதனால் பெறப்படும் உண்மை யாது? வழிகாட்டி வானிலிருந்து இறங்க வேண்டியதில்லை. ஓரடி முன்னே நடப்பவரே போதும். ஸ்பார்ட்டா வரை டெலிமாக்கஸுடன் தேரில் சென்ற நெஸ்டரின் மகனும் அத்தகையவனே.

பதிவேட்டுக்குள் வந்த சொல்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் இச்சொல் புதுவாழ்வு பெற்றது. 1978இல் உளவியலார் டேனியல் லெவின்சன் நாற்பது ஆண்களின் வாழ்வை ஆராய்ந்து வெளியிட்ட நூலில், இளமைப் பருவ வளர்ச்சியில் மென்டரின் பங்கை வற்புறுத்தினார். அவ்வுறவு பெரும்பாலும் சில ஆண்டுகளே நீடித்து முடிவுறுவது என்றும் கண்டார். அவர் மறைவுக்குப் பின் 1996இல் பெண்களின் வாழ்வு பற்றிய இணைநூல் வெளிவந்தது. முதலில் ஆண்கள், பதினெட்டு ஆண்டு கழித்துப் பெண்கள். பெண்தெய்வத்திலிருந்து தொடங்கிய சொல்லின் ஆராய்ச்சி இவ்வரிசையில் அமைந்தது ஒரு முரண். 1985இல் காத்தி கிராம், பணியிடத்து மென்டரின் செயல்களை இருவகையாகப் பிரித்தார்: பணியில் உயர உதவுதல், உள்ளத்துக்குத் துணையாதல்.

இதற்குப் பின் சொல் நிர்வாகத்தின் கைக்குப் போயிற்று. மென்டரிடம் உதவி பெறுபவரைக் குறிக்க 'மென்டீ' என்றொரு சொல்லும் உண்டு. பெயரின் ஈற்றொலியைச் செய்வோனைச் சுட்டும் விகுதியாகக் கொண்டு, செயப்படுவோனுக்கு வேறு விகுதி ஒட்டிய ஆக்கம் இது. ஒடிசியஸின் நண்பர் பெயர் இவ்வாறு இரண்டாக வெட்டப்படும் என்று ஹோமர் கனவிலும் கருதியிருக்க மாட்டார். இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியர்களுக்கு வழிகாட்டுவதற்கெனத் தேசிய அளவில் மென்டர் இயக்கம் ஒன்றை அமைக்க வேண்டும் என்றது. கல்லூரிகளில் ஓர் ஆசிரியருக்கு இத்தனை மாணவர் என ஒதுக்கி, சந்தித்த நாளும் பேசிய பொருளும் பதிவேட்டில் குறிக்கப்படுகின்றன.

இவ்வேற்பாட்டை நான் இகழவில்லை. ஒதுக்கீடு இல்லாவிடில் ஒரு சொல்லும் பேசாமல் மூன்றாண்டு படித்துப் போகும் மாணவியர் உண்டு. ஆனால் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த ஒரு பெண், படிப்பை நிறுத்தித் திருமணம் பேசுகிறார்கள் என்று சொல்லி அழும்போது, பதிவேட்டில் 'அறிவுரை வழங்கப்பட்டது' என்று எழுதிக் கையொப்பமிட்டால் கடமை முடிந்ததாகிவிடுமா? அவள் வீட்டுக்குச் சென்று தந்தையிடம் பேசுவதும், அதனால் வரும் ஏச்சைக் கேட்டுக்கொள்வதும் எந்தப் பத்தியிலும் எழுத இயலாதவை. சொல்லின் பழம்பொருள் அங்கேதான் இருக்கிறது.

தமிழில் எவ்வாறு வழங்குவது

இச்சொல்லுக்குத் தமிழில் நேரிய சொல் எது? ஆசான் என்பது பாடத்தையும் கலையையும் கற்பிப்பவர்க்குரியது. குரு என்பது சமய நெறியின் சார்பும், அடிபணிதலின் சாயலும் கொண்டது. புரவலர் பொருள் தருபவர். நெறியாளர் என்பதை முனைவர் பட்ட ஆய்வை மேற்பார்ப்பவர்க்கு உரியதாக்கிவிட்டோம். பெருவழக்காக உள்ளது வழிகாட்டி. ஆனால் சாலையோரக் கைகாட்டி மரமும் வழிகாட்டி. தேர்வுக்குக் குறிப்புத் தரும் நூலும் வழிகாட்டி. கைகாட்டி மரம் வழியைச் சரியாகவே காட்டும். நம்முடன் ஓரடியும் நடவாது.

நம் இலக்கியத்தில் ஆற்றுப்படை என்னும் வகை இருக்கிறது. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். ஆறு என்பது வழி. ஆற்றுப்படுத்துதல் என்பது வழியில் செலுத்துதல். பரிசில் பெற்று மீளும் கலைஞர், வறுமையோடு எதிர்ப்படும் கலைஞர்க்குத் தாம் சென்ற வழியைச் சொல்வது இதன் பொதுவமைப்பு. சொல்பவர் மன்னரல்லர், புலவர் தலைவரும் அல்லர். நேற்றுவரை பசித்திருந்த சக கலைஞர். கூத்தராற்றுப்படையாகிய மலைபடுகடாம் மலைவழியின் இடர்களையும் ஒளிக்காமல் கூறுகிறது. தாம் பெற்ற பேற்றை மறைத்துவைத்துக்கொள்ளாத இப்பண்பு உலக இலக்கியத்துக்கே நாம் பெருமையோடு காட்டத்தக்கது. எனினும் ஆற்றுப்படுத்துபவர் வழியைச் சொல்லிவிட்டுத் தம் வழியே போய்விடுகிறார், உடன்செல்வதில்லை. இங்கு மென்டரோடு அவர் வேறுபடுகிறார்.

எனவே 'வழித்துணை' என்னும் சொல்லை இக்கட்டுரை முன்மொழிகிறது. வேலூரையடுத்த விரிஞ்சிபுரத்தில் எழுந்தருளியுள்ள மார்க்கபந்தீசுவரருக்கு வழித்துணைநாதர் என்பது அழகிய தமிழ்ப்பெயர். வழிப்பறிக்கு அஞ்சிய வணிகர் ஒருவர்க்கு இறைவன் மாற்றுருவில் துணை வந்ததாக அத்தலத்தின் வரலாறு கூறும். மாற்றுருவில் வந்த அதீனாவை நாம் அயலாளாகக் கருத வேண்டியதில்லை. வழித்துணை என்னும் சொல்லில் உடன் நடத்தல் உண்டு. இடரில் பங்கு உண்டு. வழி முடிந்தவுடன் துணையும் முடியும் என்னும் குறிப்பும் உண்டு. மென்டரின் மூன்று இலக்கணமும் அதில் அடங்குகின்றன. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக நிற்பது அதன் கூடுதல் சிறப்பு.

நிறைவாக

இவ்வாராய்ச்சியால் நம் வட்டத்துக்கு ஆவதென்ன என்று அன்பர்கள் வினவலாம். பத்தாண்டுகளில் நூல் வெளியீடுகளையும் கவியரங்குகளையும் கணக்கிட்டு மகிழ்வது முறையே. அதனோடு வேறொரு கணக்கையும் பார்க்க வேண்டும் என விழைகிறேன்.

நம்மிடையே இளங்கவிஞர் ஒருவர் நூல் வெளியிட முனைந்தால், மூத்தவரிடம் அவர் முதலில் கேட்பது அணிந்துரை. நாமும் மனமுவந்து வழங்குகிறோம். அச்சுப்படி முடிந்த நிலையில் நம் கைக்கு வரும் நூலில் ஒரு சொல்லையும் மாற்ற இயலாது. புகழ்வது ஒன்றே எஞ்சும். ஜான்சன் கரையேறிய பின் வந்த செஸ்டர்ஃபீல்டின் கட்டுரைகளுக்கும் இதற்கும் வேறுபாடு என்ன? வழித்துணைக்குரிய வேளை, கையெழுத்துப்படியாக இருக்கும் காலம். சொல் ஒன்று பொருந்தாமல் துருத்தி நிற்பதை அன்போடு சுட்டும் காலம் அது. அரங்கேறவே நாணி நிற்கும் புதியவரை, குறிப்பாகப் பெண்களை, நீயே பேசு என்று முன்னே நிறுத்தும் காலமும் அதுவே. அவர் எழுதியது எதிர்ப்பைக் கிளப்பினால் அரங்கில் அவர் பக்கத்தில் நிற்பதும் துணையின் கடமை. அவர் தம் குரலைக் கண்டடைந்த பின், என் மாணவர், என் கண்டுபிடிப்பு என்று மேடைதோறும் உரிமை கொண்டாடாமல் விலகி நிற்பது அக்கடமையின் நிறைவு.

ஆகவே ஒரு வேண்டுகோள். பதினோராம் ஆண்டு முதல், அணிந்துரை வழங்குவதற்கு முன்னரே கையெழுத்துப்படியை உடனிருந்து படித்துத் திருத்தத் துணைபுரியும் வழக்கத்தை நம் வட்டம் மேற்கொள்ளட்டும். மூத்தோர் இருவர், இளையோர் ஒருவர் என்னும் அளவில் மாதம் ஒருநாள் அமர்ந்தால் போதும். பதிவேடு வேண்டா. அவ்வாறு உருவான நூல் வெளிவரும் நாளில் அந்த மூத்தோரின் பெயர் அட்டையில் இராது. அவையில் நான்காம் வரிசையில் அமர்ந்து அவர்கள் கைதட்டுவார்கள். அதுவே அவர்களுக்கு அணி.